நின்ற வண்டியின் புகை

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை என்று குறித்திருக்கிறேன். திருப்பத்தூரிலிருந்து மலையேறும் பேருந்து. முன் இருக்கையில் ஒரு மெக்கானிக். மடியில் டீசல் வண்டியின் புகை ஓட்டத்தை அளக்கும் கருவி. பக்கத்தில் அவனுடைய அக்கா புருஷன்.

“அந்த மிசின தூக்கிக் கெணத்துல போடு.”

“வண்டிய ஷெட்ல நிறுத்தி அளந்தப்ப செரியாதான் காட்டிச்சு மாமா. எஞ்சினுக்குக் காத்த அழுத்தித் தர்ற டர்போ மேல சந்தேகமே வரல.”

“நின்ன வண்டியில இன்னாடா தெரியும்? ஆள ஏத்திக்கினு மேட்டுல அளந்திருக்கணும். உங்கக்கா வலியில கத்துது, வண்டி பாதி மேட்டுல நின்னுபோச்சு. புள்ள போச்சு.”

“அதான் இன்னிக்கு அதே வண்டியில புளி மூட்டய ஏத்தி, அதே மேட்டுல அளக்க வர்றேன்.”

“அளந்து?”

“டர்போதான்னு காட்டிச்சின்னா அக்கா கால்ல வுழுவேன்.”

“இல்லன்னா?”

“அப்பவும் வுழுவேன் மாமா.”

இருவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கினார்கள். மேட்டில் கருவி என்ன காட்டியது என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.