பச்சை விளக்கு

ரங்கையா போடும் டீ நன்றாக இருக்கும். இஞ்சியை நசுக்கிப் போடுவான், சர்க்கரை மட்டாக. அவன்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் விசாரணையில் அவன்மேல் பழி விழுந்திருக்கிறது. திருப்பதி விமானதளக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அவசர ரேடியோவின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது அவன் வேலை. அவன் மறந்துபோனதால்தான் மெட்ராஸ் விமானத்துக்கு எச்சரிக்கை போகவில்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அது தவறு. அன்றைக்கு அந்த பேட்டரியில் குறைவே இல்லை.

நான் பாலசுந்தரம், அந்தக் கோபுரத்தின் ரேடியோ ஆபரேட்டர். சொந்த ஊர் சத்தியவேடு பக்கம். எல்லா வீட்டிலும் தமிழ்தான். ஆந்திர ராஜ்யம் பிரிந்தபின் எல்லைத் தகராறைத் தீர்க்கிறோம் என்று ஆரம்பித்தபோது, எங்கள் ஊர் அந்தப் பக்கம் போகிறது என்றார்கள். நான் நாலு பேரைத் திரட்டிக்கொண்டு எல்லை அதிகாரியின் ஜீப்பை மறித்தேன். அவர் இறங்கக்கூட இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கவர்மெண்ட் வேலைல இருக்கற ஆளு நீ. வெயில்ல ஏன் நிக்கற? போய் உன் வேலையப் பாரு" என்றார். எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"கோடு எங்க போனா நமக்கென்னா?" என்றாள் என் மனைவி தாட்சாயணி அன்று மாலை. "வேர்க்கடலய எடுத்துக்கினு அதே சந்தைக்குத்தான் போப்போறோம். ஊர்ல யாரும் உன்ன போய்ப் பேசுன்னு கேக்கலியே." அவளுக்கு ஊர் என்றால் என்னவென்று தெரியாது.

விபத்து நடந்த அன்று அந்த எல்லை அதிகாரி சின்ன விமானத்தில் மெட்ராஸிலிருந்து திருப்பதிக்கு வருவதாக இருந்தது. மத்தியானம் மலைப் பக்கமிருந்து மழை இறங்கியது. கரண்ட் போயிற்று, பெரிய ரேடியோ அடங்கிவிட்டது. ஓடுபாதையைச் செப்பனிட வந்த ரோடு ரோலர் நடுவில் நின்றுபோயிருந்தது. அதை விட்டுவிட்டு ஓட்டுகிறவன் கொட்டகையில் போய் ஒதுங்கிவிட்டான். அந்த மழையில் மேலே இருப்பவனுக்கு ரோலர் தெரியாது.

இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே கோபுரத்தில் இரண்டு சாமான்கள் உண்டு. ஒன்று, பேட்டரியில் ஓடும் அவசர ரேடியோ. அதுவும் கைவிட்டால், விமானத்தைப் பார்த்துக் காட்ட ஒரு சிக்னல் விளக்கு. சிவப்பு என்றால் இறங்காதே. பச்சை என்றால் இறங்கு.

ரங்கையா அவசர ரேடியோவை என் மேஜைமேல் தூக்கி வைத்து, போட்டுப் பார்த்து, இரைச்சல் வந்த பிறகுதான் நகர்ந்தான்.

"அண்ணா, நீ பைலட்டுக்குச் சொல்லிக்கினு இரு. நான் போய் ரோலர்காரன இஸ்துக்கினு வரேன்."

மழையில் இறங்கி ஓடினான்.

பைலட் சிட்டிபாபுவின் குரல் தெளிவாக வந்தது. நல்ல மனிதர். என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது மெட்ராஸிலிருந்து மருந்து வாங்கிவந்து கொடுத்தவர். "டவர், கேக்குதா? மேகம் கெட்டியா இருக்கு. இறங்கட்டுமா, திரும்பட்டுமா?" பொறுமையாக, திரும்பத் திரும்பக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மேகத்துக்குக் கீழே வந்து கோபுரத்தைச் சுற்றினார். விளக்கைத் தேடுகிறார் என்று புரிந்தது. வெளியே போய் நின்று பச்சையைக் காட்டினேன். பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக இறக்கைகளை ஆட்டினார்.

விமானம் ரோலரில் மோதி எரிந்தது. சிட்டிபாபுவும் கூட வந்த மெக்கானிக்கும் செத்துப்போனார்கள். நீங்களெல்லாம் வந்து சேர்வதற்குள் அந்த பேட்டரியில் ஒரு பல்பை மாட்டி எரியவிட்டுத் தீர்த்துவைத்தேன். பிறகுதான் உங்களுக்கு அது காலியாகக் கிடைத்தது.

நேற்று லாக்கப்பில் ரங்கையாவைப் பார்த்தேன். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது என்று அத்தனை நாள் சாதித்தவன், "நாந்தாண்ணா மறந்துட்டேன் போலகீது. எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க" என்று அழுதான். இரக்கப்பட்டு நான் இங்கே வரவில்லை. ஓர் ஊருக்காகச் செய்த காரியம் பேட்டரிக்காரனின் மறதியாகப் பதிவாவதை என்னால் பொறுக்க முடியாது. அது மறதி இல்லை. நான் தெரிந்து செய்தது. இன்னொரு தடவை அதே இடத்தில் நிறுத்தினாலும் செய்வேன்.

அதிகாரிதான் அந்த விமானத்தில் வரவே இல்லையே என்கிறீர்கள். தெரியும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே சிட்டிபாபு சொன்னார்: "ஆபீசருக்கு வயித்துவலி, வரல. அவருக்கு வந்த ஜீப்ப திருப்பி அனுப்பிடுங்க."

அதைக் கேட்ட பிறகுதான் விளக்கை எடுத்தேன். ஊருக்காக என்று ஒருவன் துணிந்துவிட்டால், யார் வந்தார்கள், யார் வரவில்லை என்றா பார்த்துக்கொண்டிருக்க முடியும்?