கோடு நடுங்கிய சாயங்காலம்

— நாளைக்கு விசாரணையில நான் சொல்லப்போறதும் இதேதாம்மா. துடிப்பைப் பார்த்தேன், யாருக்கும் சொல்லலை. அவ்வளவுதான்.

— அவ்வளவுதான்னு சொல்ல எப்படி அண்ணி மனசு வருது? செத்தது உங்க கூடப்பிறந்த தம்பி. என் புருஷன்.

— அந்தச் சாவிக்கொத்தை வெளியில வச்சிட்டு வா. இந்த அறையில இரும்பு ஆகாது, பூமியோட காந்தத்தை அளக்கிற கருவி தடுமாறும்.

— தடுமாறட்டும். இது யாரைக் காப்பாத்துச்சு? எனக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க. அன்னைக்கு என்னதான் பார்த்தீங்க?

— பூமியோட காந்தம் இருட்டுப் பக்கமா வால் மாதிரி நீண்டு கிடக்கும். சூரியன்லேர்ந்து வர்ற காத்து அதை இழுத்துக்கிட்டே இருக்கும். ஒரு கட்டத்துல தாங்காம வெடுக்குன்னு சுருங்கும். அந்த அதிர்ச்சி தரைக்கு வந்து சேரும்போது, இதோ திரையில நேரா ஓடுற இந்தக் கோடு நடுங்கும். அதைத்தான் துடிப்புங்கிறோம். எப்பவும் கொஞ்சம் நடுங்கிட்டு அடங்கிடும். அன்னைக்கு அடங்கலை. விட்டு விட்டு வந்துச்சு, ஒண்ணைவிட ஒண்ணு பெருசா.

— வந்தா?

— ஊர்விட்டு ஊர் போற மின்கம்பியில வேண்டாத கரண்ட் ஏறும். ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ளுக்குள்ளேயே வெந்து, எண்ணெய் தீப்பிடிக்கும்.

— அந்த எண்ணெய்தான் அவர் மேல கொட்டுச்சு. சப்-ஸ்டேஷன்ல சாயங்கால ஷிஃப்ட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே போன மனுஷன். இவ்வளவும் தெரிஞ்சு நீங்க சும்மா இருந்தீங்க.

— ஆமா.

— பொய். உங்க ஆபீஸ் காவலாளி நேத்து வீட்டுக்கு வந்தார். அம்மா அன்னைக்கு ஃபோனும் கையுமாத்தான் நின்னாங்கன்னு சொன்னார். சப்-ஸ்டேஷனுக்கு அடிச்சு அடிச்சு லைன் கிடைக்காம, கடைசியில எங்க வீட்டுக்குப் பண்ணினீங்களாம். பேசி முடிச்சிட்டு அப்பாடான்னு நாற்காலியில சாஞ்சீங்களாம்.

— வயசான மனுஷன். எந்த நாளையோ நினைச்சுக்கிட்டுப் பேசியிருப்பார்.

— நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் படுத்தா தூக்கம் வரலை. நீங்க சொல்லியும் அவர்தான் கேட்காமப் போனாரோ, தம்பி பேர் கெட்டுடக் கூடாதுன்னு பழியை நீங்க சுமக்கிறீங்களோன்னு ஒரே யோசனை. அதுதானா அண்ணி?

— அவனைச் சொல்லாதே. அவன் காதுல விழுந்திருந்தா கேட்டிருப்பான். என் பேச்சைத் தட்டினவனே இல்லை.

— அப்போ அவர் காதுல விழவே இல்லை. நான் மாடியில துணி எடுத்துக்கிட்டிருந்தேன். எனக்கும் தெரியாது.

— விட்டுடும்மா.

— எப்படி விட? வேலை போகப்போகுது உங்களுக்கு. சாவு வீட்டுல எல்லார் முன்னாடியும் உங்களைக் கொலைகாரின்னு சொன்னேன். அப்பவும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னீங்களே தவிர, வாயைத் திறக்கலை. யாருக்காக அண்ணி?

— ‘அப்பா குளிக்கிறார் அத்தை’ன்னா.

— யாரு... ஃபோனை எடுத்தது நம்ம குட்டியா?

— குளிச்சிட்டு வந்ததும் சொல்லிடு கண்ணு, இன்னைக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் கிட்டவே போக வேண்டாம், உடனே அத்தைக்கு ஃபோன் பண்ணச் சொல்லுன்னேன். சரின்னா. நான் சொன்னதை அப்படியே திருப்பிக்கூடச் சொல்லிக் காட்டினா. அதை நம்பிட்டேன். நான் மறுபடி கூப்பிடறதுக்குள்ள ஊரே இருட்டாயிடுச்சு. விளையாட்டுல மறந்திருப்பாம்மா, ஏழு வயசு.

— கடவுளே.

— இந்தப் பாரத்தை அந்தப் பிஞ்சு தலையில ஏத்தக் கூடாது. நான் சொல்லலைன்னு ஆயிடுச்சுன்னா, அவ மறக்கவும் இல்லைன்னு ஆயிடும். நல்லவேளை, அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. நீயும் வீட்டுக்குப் போய் ஒண்ணும் கேட்டுடாதே.

— ஞாபகம் இல்லைன்னு யார் சொன்னது அண்ணி? தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குளியலறைக் கதவுகிட்டப் போய் உட்கார்ந்துக்கிறா. ஏன்டின்னு கேட்டா, அப்பா வெளியில வந்ததும் ஒண்ணு சொல்லணும்ங்கிறா.