நான்கு அங்குலம் என்று சொன்னது நான்

பெயர்: முதல் தாளில் எழுதியபடி. தெருவில் என்னைப் பழசுக்காரம்மா என்பார்கள், யார் எப்போது என்ன சொன்னாலும் நான் மறப்பதில்லை என்பதால். வயது: எழுபத்திரண்டு. படிப்பு: மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. எண்கள் நன்றாகத் தெரியும். விலாசம்: சந்தின் கடைசியில், இரண்டாகப் பிரித்த ஓட்டு வீட்டின் கிழக்குப் பாதி, பச்சைக் கதவு.

மேற்படி வீட்டில் நான், மகன், மருமகள் மூவரும் வசிக்கிறோம். மேற்குப் பாதியில் என் கணவருடைய தம்பி மனைவி, அதாவது என் ஓரகத்தி, இருக்கிறாள். அவளைச் சின்னவள் என்போம். இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. அவள் பக்கம் ஒரு தாழ்ப்பாள், என் பக்கம் ஒரு தாழ்ப்பாள். ஒன்பது வருடம் முன்பு, என் கணவர் இறந்து இரண்டு மாதம்கூட ஆகாதபோது, அவள் தன் பாதியில் மாடி எழுப்பினாள். அந்தச் சுவர் என் கூரை உச்சியிலிருந்து பத்தடி உயரம் நிற்கிறது. மதியம் மூன்று மணிக்கு மேல் எனக்கு வெளிச்சம் இல்லாத மாதிரி செய்த சுவர் அது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றே என் பக்கத் தாழ்ப்பாளைப் போட்டேன்.

நான்கு வருடம் முன்பு, மழைக்காலம் தொடங்கப் பதினைந்து நாள் இருக்கும்போது, என் கூரை ஓரத்தில் இருந்த பழைய பீலி, அதாவது ஓட்டிலிருந்து விழும் மழைத் தண்ணீரைப் பிடித்துக் குழாயில் இறக்கும் தகரம், இற்றுப்போனதால் புதிதாக மாட்டத் தகரக்காரரை வரச் சொன்னேன். மகன் வேலைக்குப் போயிருந்தான். அப்போது அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தகரக்காரர் ஏணி வைத்து ஏறி, கூரை நீளம் முப்பத்திரண்டு அடி, சரிவு பதினைந்து அடி என்று நாடா பிடித்து அளந்தார். அதன் பிறகு சின்னவளின் மாடிச் சுவரையும் நாடாவால் அளந்தார். அதை ஏன் அளக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"காத்தோட அடிக்கிற மழை சுவத்துல பட்டு உங்க ஓட்டு மேலதாம்மா வழியும். பாதிச் சுவரையாவது கூரையோட சேத்துக்கணும். வெறும் கூரைன்னா நாலு இஞ்சு போதும். சுவரைச் சேத்தா ஆறு வேணும். அஞ்சு போட்டா ஒப்பேத்தலாம், ஆறு போட்டா மறந்துட்டுத் தூங்கலாம்" என்றார். பேசிக்கொண்டே ஓட்டு ஓரப் பலகையில் பென்சிலால் 6 என்று எழுதினார். எந்த வீட்டிலும் பீலி மாட்டுவதற்கு முன் அளவைப் பலகையில் எழுதி, அதன் மேலேயே மாட்டுவது அவர் வழக்கம்.

கூரை என்னுடையது, பீலி என்னுடையது, சுவர் அவளுடையது, அவள் சுவர்த் தண்ணீரை நான் எதற்குப் பிடிக்க வேண்டும், அந்தச் சுவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள், நான்கே போடுங்கள் என்று சொன்னேன். அவர் ஏணியிலிருந்து குனிந்து, "அம்மா, மழைக்கு உங்க சண்டை தெரியாது" என்றார். அந்தச் சமயம் சின்னவள் மாடி ஜன்னலில் தலை துவட்டிக்கொண்டு நின்றாள். அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. அவள் சிரிக்காமல் இருந்திருந்தால் ஐந்துக்காவது நான் சம்மதித்திருப்பேனா என்று இதை எழுதுகிற அதிகாரி கேட்கிறார். இருக்கலாம். அவள் சிரித்ததும், "நாலுன்னா நாலு, உமக்கு என்னய்யா வந்துச்சு" என்று சத்தம் போட்டேன். அவர் 6-ஐ ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் 4 என்று எழுதி, நான்கு அங்குலப் பீலியையே மாட்டிவிட்டு, "உங்க இஷ்டம்மா" என்று சொல்லிப் போனார். மழைக்குச் சண்டை தெரியாது என்று அவர் சொன்ன வார்த்தைக்காக இந்த நான்கு வருடமும் அவரைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

முதல் பெருமழையிலேயே பீலி நிரம்பி வழிந்தது. வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் நான்கடி அகல நடை இருக்கிறது. அந்தத் தண்ணீர் முழுவதும் நடையில் விழுந்து சுற்றுச்சுவரின் அடியில் தேங்கியது. இலை அடைத்திருக்கிறது என்று மகனிடம் சொன்னேன். அவன் ஏணி போட்டு ஏறிப் பார்த்து, "இலை ஒண்ணும் இல்லம்மா" என்றான். அதன் பிறகு, தகரக்காரன் வாட்டம் பார்க்காமல் கோணலாக மாட்டிவிட்டுப் போய்விட்டான் என்று சொன்னேன். அது பொய். பீலி நேராகத்தான் இருந்தது. அன்று அவன் என்று சொன்னேன், இங்கே அவர் என்றே எழுதவும். அந்தப் பொய்யை ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு மழைக்கும் சொன்னேன். மூன்றாவது வருடம் சுற்றுச்சுவரின் அடிக்கல் பக்கம் என் விரல் நுழையும் அளவு மண் கரைந்திருந்தது. பழைய சாக்கை மடித்து அதில் அடைத்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

கடந்த புதன்கிழமை மதியம் வரை மழை பெய்து, பிறகு வெயில் வந்ததால், மருமகள் நடையில் உள்ள கொடியில் துணி போட்டாள். நான்கு மணிக்கு மறுபடி இருட்டியது. துணியை எடுக்கப் போனாள். நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மண் சரிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓடிப் போய்ப் பார்த்தபோது சுற்றுச்சுவர் பத்தடி நீளத்துக்கு நடைக்குள் விழுந்து கிடந்தது. மருமகளின் வலது கால் கணுக்கால் வரை செங்கலுக்கு அடியில் இருந்தது. மகனுடைய நீலச் சட்டையை அவள் மார்போடு பிடித்திருந்தாள். என் கைக்குக் கல் அசையவில்லை.

அப்போது நடுக்கதவை யாரோ இடித்தார்கள். சின்னவள்தான், ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்திருந்தாள். "அக்கா, தாழ்ப்பாளை எடுங்க! உங்க பக்கம்தான் போட்டிருக்கு!" என்று கத்தினாள். துருப்பிடித்து வரவில்லை. வெங்காயம் நசுக்க வைத்திருந்த கல்லால் நாலு தடவை அடித்த பிறகு வந்தது. அவளும் நானுமாகக் கற்களைப் புரட்டி மருமகளை வெளியே எடுத்தோம். சின்னவளுக்கு இரண்டு நகம் பெயர்ந்தது. அந்தத் தாழ்ப்பாளை அதன் பிறகு நான் போடவில்லை.

மருமகளுக்குக் கணுக்காலில் இரண்டு எலும்பு முறிந்திருப்பதாக மருத்துவமனையில் சொன்னார்கள். மகன் கோபத்தில், தகரக்காரரின் மோசமான வேலையால்தான் சுவர் விழுந்தது என்று புகார் கொடுத்தான். அந்தப் புகாரில் உள்ள ஒவ்வொரு வார்த்தையும் நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. காவல் நிலையத்தார் தெருவில் விசாரித்தபோது சின்னவளையும் விசாரித்தார்கள். எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும், ஜன்னலில் நின்று கேட்டவள். என்னை மாட்டிவிட ஒன்பது வருடத்தில் இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவளுக்குக் கிடைத்ததில்லை. அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் தயவில் நான் நல்லவளாக இருக்க முடியாது.

நேற்று நான் விசாரணைக்கு வந்தபோது தகரக்காரர் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அளவு நாடாவை வாங்கி மேஜை மேல் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். "அம்மா, எத்தனையோ வீடு, எனக்கு ஞாபகமே இல்லம்மா. உங்க வீட்டுக்கு நான் எத்தனை இஞ்சு போடச் சொன்னேன்? நாலா சொன்னேன்? சுவரை விட்டுட்டா அளந்தேன்?" என்று கேட்டார். முப்பது வருடம் தகரம் வெட்டிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் பக்கத்தில் இருந்ததால் நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

இன்று காலை முதலில் மருத்துவமனைக்குப் போய் மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "நாலுக்கும் ஆறுக்கும் எவ்வளவு வித்தியாசம் அத்தை?" என்றாள். என் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிரித்துக் காட்டினேன். "இவ்ளோதானா?" என்றாள். அதன் பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மகன் வெளியே வந்து, "சும்மா இருங்கம்மா, கேஸே போயிடும்" என்றான். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

என் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். முன்பக்கத்திலிருந்து மூன்றாவது கொக்கி இருக்கும் இடத்தில் பீலியைக் கழற்றிப் பலகையைப் பார்க்கவும். கோடு போட்டு அடித்த 6 இருக்கும், பக்கத்தில் 4 இருக்கும். இரண்டுமே அவர் எழுத்து. இரண்டாவது மட்டும் என் பேச்சு. வேறு சாட்சி வேண்டுமென்றால் மாடி ஜன்னலில் நின்றவளைத் திரும்பக் கூப்பிட்டு, நான் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொல்லிக் கேட்கவும். அதன் பிறகு அவளும் சொல்லுவாள். தகரக்காரர் சரியாகத்தான் அளந்தார். சுவரையும் சேர்த்துத்தான் அளந்தார். இதை அவர் காதிலும் விழும்படி ஒருமுறை படிக்கவும்.

இவ்வளவும் நான் நடந்தபடி சொன்னது, என்னை யாரும் மிரட்டவில்லை, சொல்லிக் கொடுக்கவும் இல்லை. எழுதியதைப் படிக்கக் கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் என்று எழுதியிருந்த இடத்தில் ஓரகத்தி என்று திருத்தச் சொன்னேன். திருத்தினார்கள். இப்போது சரி.

(கையெழுத்து. கைநாட்டு வேண்டாம் என்று சொல்லித் தானே எழுத்துக் கூட்டிப் போட்டது.)