சத்தமில்லாத பெட்டி

வீட்டில் படம் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் சேர்ப்பதற்குப் பெரிய செலவெல்லாம் ஆகாது, ஐயா. கடைக்காரர்கள் ஆயிரம் சொல்வார்கள். நானும் கடைக்காரன்தான், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை, அதனால் என் பேச்சை நம்பலாம். ஏதாவது ஒரு அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய பெட்டி போதும். படம் ஓட்ட அதிலிருக்கும் பிராசஸரே தாராளம். வாங்க வேண்டியது ஒரு ரிமோட்டும், டிவியோடு சேர்க்க ஒரு கேபிளும். மிச்சமெல்லாம் என் கடை மூலையிலேயே கிடந்தது.

ஆனால் சத்தம் இருக்கக் கூடாது. எல்லோரும் இங்கேதான் கோட்டை விடுவார்கள். படத்தில் ஒருத்தி ஜன்னலோரம் நின்று பேசாமல் அழுதுகொண்டிருப்பாள், பெட்டிக்குள் ஃபேன் கொர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கும். மனசு எப்படிப் படத்தில் ஒட்டும்? நான் ஃபேனையே கழற்றிவிட்டேன். பிராசஸரின் வேகத்தைக் குறைத்து, சூட்டை வாங்கிக்கொள்ள மேலே கனமான அலுமினியக் கட்டி ஒன்றைப் பொருத்தினேன். பெட்டி ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள அதிலிருக்கும் சின்ன விளக்கைத்தான் பார்க்க வேண்டும்.

என் மனைவிக்காகச் செய்தது. கல்யாணமான புதிதில் எந்தப் படம் வந்தாலும் முதல் வாரமே போய்விடுவோம். இடைவேளையிலேயே மீதிக் கதையைச் சொல்லிவிடுவாள், பாதி சரியாகவும் இருக்கும். பிறகு நுரையீரல் கெட்டுப்போனது. கட்டில், மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். "தியேட்டர நான் இங்க கொண்டு வரேன் பாரு" என்றேன். சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

முதல் படம் போட்டேன். என் பெட்டியில் மூச்சுப்பேச்சே இல்லை. அப்போதுதான் அந்த மெஷினின் சத்தம் காதில் விழ ஆரம்பித்தது. யாரோ ஒருவர் எங்கள் நடுவில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவது மாதிரி. குழாயை நீளமாக்கி, மெஷினைக் கூடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினேன். "இப்ப கேக்கல, விடுங்க" என்றாள் அவள். எனக்குக் கேட்டது.

குளித்துவிட்டு வருகிற நேரத்துக்கு மெஷின் இல்லாமல் சமாளிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரத்தை நான் படத்துக்கு எடுத்துக்கொண்டேன். முதலில் பேச்சில்லாத காட்சிகளுக்கு மட்டும்தான். மெஷினின் பிளக்கை, ரிமோட்டுக்குக் கட்டுப்படும் சாக்கெட்டில் மாட்டினேன். ஒரு பட்டன் படத்துக்கு, பக்கத்துப் பட்டன் மெஷினுக்கு. மின்சாரம் நின்றால் அது கூப்பாடு போடும், அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். அந்த பஸ்ஸரின் ஒயரைக் கத்தரித்துவிட்டேன்.

ஒரு காட்சி ஒரு பாட்டாயிற்று. பாட்டு, கால்வாசிப் படமாயிற்று. அவள் வாயைத் திறக்கவில்லை. பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வருகிற மச்சினி, ஒருநாள் படம் முடியும்வரை இருந்துவிட்டாள். "அக்காவுக்கு உதடெல்லாம் நீலமா இருக்கே, ஏன் மாமா?" என்று கேட்டாள். டிவி வெளிச்சத்தில் அப்படித்தான் தெரியும் என்றேன். நல்ல பெண், நம்பிவிட்டாள்.

அந்த மெஷின் வீட்டுக்கு வந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேராக இருந்ததே இல்லை, ஐயா. பேசினால் நடுவில் அது, தூங்கினால் தலைமாட்டில் அது. அவளைவிட அதன் மூச்சைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு முழுப் படம், நானும் அவளும் மட்டும். அதற்காக எப்படி ஏங்கினேன் தெரியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படத்தை ஆரம்பித்தேன். ஆரம்பிக்கும் முன்பே மெஷினை நிறுத்திவிட்டேன். பாதிப் படத்தில் என் கையை இறுக்கிப் பிடித்தாள். படத்தை நிறுத்தி, "என்னம்மா?" என்றேன்.

"போடுங்க."

"எத?"

"போடுங்க... ஏங்க... போடுங்க."

மெஷினைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று மச்சினி அழுகிறாள். பகலெல்லாம் அக்கா 'போடு' என்றால் அது மெஷின்தானாம். இருக்கலாம். நான் பகலில் கடையில் இருப்பவன். எங்கள் இரண்டு பேருக்குள் 'போடு' என்றால் என்றைக்கும் படம்தான். இரண்டு பட்டனும் என் கட்டைவிரலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன. அவள் முகத்தைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் படத்தைப் போட்டேன். கை தவறியதாக எழுதாதீர்கள்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். அவள் இல்லாத வீட்டுக்குப் போகச் சொல்லாதவரை நீங்கள் என்ன கேட்டாலும் சொல்கிறேன். அதன்பிறகு அறையில் ஒரு சத்தமும் இல்லை, ஐயா. படத்தில் பெய்த மழை ஒவ்வொரு சொட்டாகக் கேட்டது. என் கையைப் பிடித்த பிடியை அவள் கடைசிவரை விடவே இல்லை. அவ்வளவு பிடித்திருந்தது அவளுக்கு, அந்தப் படம்.