பெட்ரோல் ஏறாத கார்

எங்கள் வீட்டுக் கார் என்னைவிட இரண்டு வயது மூத்தது. வீட்டில் முதல் மரியாதையும் அதற்குத்தான். மழை வந்தால் கொடியில் காயும் துணி அப்பாவின் கண்ணில் படாது, காருக்கு உறை போட ஓடுவார். டாக்டர், அப்பாவின் மறதி மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும் என்று நேற்று சொன்னீர்கள். அதற்கு முன்னால் இந்தக் காரைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டும். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்பா நாற்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். பட்டறையில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். கிளம்பாத கார் வந்தால் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடிக்கிறதா என்று முதலில் கேட்பார். சத்தம் இல்லை என்றால் ஒயரைப் பார்ப்பார். சத்தம் இருந்தும் பெட்ரோல் ஏறவில்லை என்றால் குழாய், ஃபில்டர், டேங்க் என்று வரிசையாகப் போவார். சின்ன வயதில் பக்கத்தில் டார்ச் பிடித்து நின்ற எனக்கும் அந்த வரிசை அத்துப்படி.

அவருக்கு எழுபத்து நான்கு வயதாகிறது. பக்கத்து வீட்டுச் சுவரில் காரை உரசிய கதையை முதல் நாளே உங்களிடம் சொன்னேன். இந்த வயதில் வண்டி ஓட்டினால் அவருக்கும் ஆபத்து, தெருவில் போகிறவர்களுக்கும் ஆபத்து. சாவியைக் கேட்டால் கொடுக்கிற ஆளும் இல்லை. சண்டை சச்சரவு இல்லாமல் காரியத்தை முடிக்கலாம் என்று பார்த்தேன்.

ஒரு நாள் மதியம் அவர் சாப்பிட்டுத் தூங்கும்போது டிக்கியைத் திறந்து பம்புக்குப் போகிற ஒயரைக் கழற்றிவிட்டேன். சாயங்காலம் அவர் இருபதே நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்தார். ஒயரை மாட்டி, அதன்மேல் கருப்பு டேப் சுற்றி, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

அடுத்த வாரம் டேங்க் மூடியில் கை வைத்தேன். அதில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அந்த ஓட்டையில் மெழுகை உருக்கி விட்டேன். கார் நன்றாகக் கிளம்பித் தெருமுனை வரை போய் நின்றுவிட்டது. அப்பா என்னை வரச்சொல்லிச் சாவியைத் திருப்பச் சொன்னார். குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டுப் பார்த்தார். பம்ப் அடித்தது, ஆனால் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வந்து நின்றது. ஃபில்டர் சுத்தமாக இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நேரே போய் டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

"பாவம், மூச்சு முட்டியிருக்கு" என்று சிரித்தார். "மெழுகு எங்கேர்ந்துமா வந்துச்சு?"

"போன வாரம் பாலிஷ் போட்டீங்களேப்பா, அதுவா இருக்கும்."

நான் சொன்னதை அப்படியே நம்பினார். குண்டூசியால் மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே காரில் என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

மூன்றாவது முறை புதிதாக எதையும் யோசிக்கவில்லை. அவர் சுற்றிய டேப்பைப் பிரித்துக் குப்பையில் போட்டேன். அவர் மாட்டிய ஒயரைத் திரும்பவும் கழற்றினேன். சாயங்காலம் கையெல்லாம் கரியோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அந்த ஒயரை நான் மாட்டினேன்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"எந்த ஒயர்ப்பா? நீங்க ஃபில்டரைத்தானே கழட்டினீங்க."

"டேப் சுத்தினேனேம்மா."

"டேப் எங்க சுத்தினீங்க? அது அலமாரியிலேயே இருக்கே."

அவர் முகம் செத்துப்போனது. தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். காரில் எந்தக் கோளாறு என்றாலும் கண்டுபிடித்துவிடுவார், தன் தலையில் கோளாறு என்றால் எங்கே கை வைப்பார்? அது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அதன்பிறகு அதே ஒயரை இன்னும் நான்கு முறை கழற்றினேன். அவருடைய கண்ணாடியை ஃப்ரிட்ஜில் வைத்தேன். குளித்து முடித்து வந்தவரிடம் இன்னும் குளிக்கவில்லையா என்று கேட்டேன். பிறகு உங்களிடம் கூட்டி வந்தேன். நீங்கள் கேட்டவற்றில் பாதிக்குத் தப்பாகப் பதில் சொன்னார். அவ்வளவு பயந்துபோன மனிதர் வேறெப்படிச் சொல்வார்? மற்றதையெல்லாம் நான் சொன்னேன்.

சுவரில் உரசிய அன்று காரை ஓட்டியது நான்தான், டாக்டர். பின்பக்கமாக எடுக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அப்பா வெளியே நின்று கை காட்டினார், உரசியதும் பரவாயில்லை என்று என்னைத் தேற்றியவரும் அவர்தான். ஒரு மாதம் கழித்து, "சுவத்துல இடிச்சது நீங்கதானேப்பா" என்றேன். "நானாத்தான் இருக்கும்" என்றார்.

எதற்காக இதெல்லாம் என்று கேட்பீர்கள். ஆறு மணி நேரம் ஓட்டினால் என் தங்கையின் ஊர். தன்னோடு வந்து இருக்கும்படி அவள் அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். முதல் தடவை ஒயரைக் கழற்றிய அன்று காலையில்தான் அப்பா சொன்னார், "ஞாயித்துக்கிழமை கார்லயே கெளம்பலாம்னு இருக்கேன்மா." எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். அம்மா போன பிறகு பதினாறு வருடம் அவருக்காகவே வீட்டோடு இருந்தவள் நான். அந்த ஒரு வார்த்தை எனக்கு ஜீரணமாகவில்லை.

உங்கள் மாத்திரை ஆரம்பித்த பிறகு நான் காரைத் தொடவே இல்லை. தொட வேண்டிய தேவை இருக்கவில்லை. ஒயர் மாட்டியபடியே இருக்கிறது. போன திங்கட்கிழமை தூக்கக் கலக்கத்தோடு போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பம்ப் டிக் டிக்கென்று அடித்தது. ஜன்னலோரம் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சத்தம் வருதாம்மா?"

"வரலப்பா."

தலையை ஆட்டினார். சாவியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "நல்லவேளை, நீ பக்கத்துல இருக்க" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் அந்த மூடிய கண்கள்தான் எதிரே வருகின்றன. நான் செய்தது பாவம், டாக்டர். அதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டாம், நிறுத்தியே விடுங்கள். கூடவே, நீண்ட தூரம் பயணம் செய்யக்கூடாது என்று உங்கள் கையால் ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், தங்கையிடம் காட்டலாம். நான் இங்கே எழுதிய எதையும் அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தன்னைச் சந்தேகப்பட்டு அவருக்குப் பழகிவிட்டது. பெற்ற மகளைச் சந்தேகப்படும்படி ஆனால் தாங்கமாட்டார், அந்த வேதனையை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.