பழ வாசனை

எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருடம். டின்னைத் திறந்ததுமே, பெயிண்டில் கலக்கும் தின்னர் நல்லதா, கலப்படமா என்று சொல்லிவிடுவேன். முதலாளி எனக்கு வைத்த பெயரே மூக்கன். ஐயா, வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எங்கள் பிரார்த்தனைக் கூட்டத்தில் மருந்துக்கு இடமில்லை. மாத்திரை விழுங்குகிறவன் கடவுளை நம்பாதவன் என்பார் எங்கள் பெரியவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டே. கண்ணாடி மருந்தில்லையாம். அங்கே ஆறு வருடமாக எனக்குக் கடைசி வரிசை, கதவோரம். போகிறவர் வருகிறவரெல்லாம் என் காலை மிதித்துத்தான் போவார்கள். பெரியவர் என்னைப் 'பெயிண்ட்காரரே' என்று கூப்பிடுவார், அதுவும் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தால்.

என் மகளுக்கு எட்டு வயது. மூன்று வாரமாகத் தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள். இளைத்துக்கொண்டே போனாள். பள்ளிக்கூட பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். பட்டறை ஆணி, சுத்தமாக விழுந்தது. உடனே சர்க்கரை பரிசோதிக்கச் சொல்லி டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பினார். படித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

அந்த ஞாயிறு கூட்டத்தில் துவண்டுபோய் என் தோளில் சாய்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த அம்மாள் குனிந்து, "பாப்பா வாயில பழ வாசனை வருதே" என்றார். மூக்கில் வியர்த்தாற்போல் பெரியவர் வந்து சேர்ந்தார். முகர்ந்தார். கண்ணை மூடினார்.

"இது பழமில்ல. அருள்."

எங்களை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். அங்கே நாற்காலிக்கு மெத்தை உண்டு.

அடுத்த இரண்டு நாளும் வீட்டில் ஆள் நிற்க இடமில்லை. பெரியவர் என்னைத் 'தம்பி' என்றார். அதுவரை எனக்குத் தலையாட்டக்கூட யோசித்த பேங்க் மேனேஜர், என் மகளின் கட்டிலருகே மண்டியிட்டு மூச்சை இழுத்தார். அவள் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அதனால் வாசனைக்குக் குறைவில்லை.

செவ்வாய் மதியம் என் மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறா. ஆஸ்பத்திரி மூணு தெருதானே. நான் தூக்கிட்டுப் போறேன். சாமிகிட்ட நீங்க பேசிக்குங்க."

"நாலு மணிக்குப் பெரியவர் வர்றார். அப்புறம் பாத்துக்கலாம்."

வாசற்கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சட்டையைப் பிடித்து இழுத்தாள். பித்தான் ஒன்று தெறித்தது. சாவி விழவில்லை.

நாலு மணிக்குச் சொன்னபடி பெரியவர் வந்தார். மகள் மூன்றரைக்கே போய்விட்டிருந்தாள். உங்கள் நம்பிக்கையில்தான் ஏதோ குறை என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

எனக்கு வந்திருக்கும் வக்கீல் நல்ல மனிதர். முழுமனதோடு நம்பினேன் என்று மட்டும் சொல்லுங்கள், நம்பிச் செய்தவனைக் கோர்ட் வேறு மாதிரி பார்க்கும் என்கிறார். அப்படிச் சொன்னால், ஒரே கூட்டத்துக்குப் போகிறவர்கள், இருவருமே நம்பிச் சும்மா இருந்தோம் என்றாகும். என் மனைவியும் என்னோடு கூண்டில் நிற்பாள். அவள் கேட்டாள், ஐயா. பூட்டியது நான்.

தவிர, நான் நம்பவும் இல்லை. அந்த அம்மாள் வாயைத் திறப்பதற்கு முன்பே, மகள் தோளில் சாய்ந்த கணத்திலேயே எனக்குத் தெரியும். அது தின்னர் வாசனை; சர்க்கரை முற்றினால் மூச்சில் அதுதான் வருமாம், இப்போது சொல்கிறார்கள். ஒரு குழந்தையின் வாயிலிருந்து அது வரக்கூடாது என்று தெரிய டாக்டர் வேண்டாம், மூக்கன் போதும். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் முன் வரிசையில் மூன்று நாற்காலிகளைக் காலி செய்துவிட்டார்கள்.

பட்டறையில் அந்த வாசனை ஏறினால் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்துவிடுவேன். வீட்டில், வருகிறவர்களுக்கு வாசனை குறைந்துவிடக் கூடாதே என்று, இரண்டு நாளும் எல்லா ஜன்னலையும் நானே சாத்தி வைத்திருந்தேன்.