மாவுத் தூக்கில் இருந்த கைத்துப்பாக்கி பற்றி

இன்று காலை 9.20 மணிக்கு, துப்பாக்கி வந்துவிட்டது என்ற செய்தி என் மனைவியின் கைபேசிக்கு வந்தது. பெயர், வயது, விலாசம்தான் முதலில் வர வேண்டும் என்று எழுதிக்கொள்ளும் காவலர் மகேஸ்வரி சொன்னதால் அவற்றை இப்போது சொல்கிறேன்.

என் பெயர் காளிராஜ். வயது முப்பத்தொன்று. தகப்பனார் பெயர் வேலுச்சாமி. செம்பூர் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே ஒரு குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். கருவியியல் பொறியாளர். தராசு, அழுத்தமானி போன்ற கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. திருமணமானவன். மகேஸ்வரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்ததால் திருத்திச் சொல்கிறேன். என் மனைவி பொன்செல்வி கடந்த பிப்ரவரியில் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டுக் காலமானார். குழந்தைகள் இல்லை. எனக்கு மராத்தி புரியும், கோர்வையாகச் சொல்ல வராது. அதனால் தமிழில் சொல்கிறேன். மகேஸ்வரி பாண்டுப்பைச் சேர்ந்த தமிழர். பிறகு மராத்தியில் மாற்றிக்கொள்வதாகச் சொன்னார்.

குர்லா ரயில் நிலைய மேம்பாலத்தில் என்னிடமும் என் மாமியாரிடமும் இருந்து எடுக்கப்பட்ட பொருள், பத்து மீட்டர் போட்டிக்கான காற்றுக் கைத்துப்பாக்கி. அதில் வெடிமருந்து கிடையாது. சிலிண்டரில் அடைத்த காற்று ஒரு சிறிய ஈயக் குண்டைத் தள்ளும், அவ்வளவுதான். குழலின் உள்விட்டம் நாலரை மில்லிமீட்டர். ஆற்றல் எட்டு ஜூலுக்கும் குறைவு. இந்த வகைக்கு உரிமம் தேவையில்லை. பொன்செல்வி கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்த காலம் முதல் சுட்டுவந்தார். அவர் இடது கைக்காரர், கையும் சிறியது. கிளப்பில் இருந்த துப்பாக்கிகள் எல்லாம் வலது கைக்கானவை என்பதால் கைப்பிடியில் துணி நாடாவைச் சுற்றிச் சமாளித்தார். சென்ற வருடம்தான் குட்டைக் குழல், இடது கை, சிறிய கைப்பிடி என்று கேட்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தன் கையை வைத்து வரைந்து, அதைப் படமெடுத்து வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்பினார். பணம் முழுவதும் அப்போதே கட்டியாகிவிட்டது. வரத் தாமதமாகும் என்றார்கள். தாமதமானது.

காலையில் அழைத்தவர் இறக்குமதி செய்பவரிடம் வேலை பார்க்கும் நிகில். 'மேடம், உங்கள் பொம்மை வந்துவிட்டது' என்று இந்தியில் ஆரம்பித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் வருத்தம் தெரிவித்தார். அதன் பிறகு, வேண்டாமென்றால் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும், புனேயில் ஒரு இடது கைக்காரர் இதே அளவைக் கேட்டுக் காத்திருப்பதாகவும், மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். திருப்பிக் கொடுத்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன். வீட்டில் வைக்க எனக்கு இஷ்டமில்லை. மாட்டுங்காவில் பொன்செல்வி சுட்டுவந்த சுடுதளத்தில் பெட்டி இருப்பதாகவும், அங்கே போய்க் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் நிகில் சொன்னதால் கிளம்பினேன்.

ரயிலில் போகும்போது அதே கைபேசிக்கு என் மாமியார் ஆறுமுகத்தாய் அழைத்தார். அவர் தாராவியில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் மகளுடையது என்பதால் இன்னமும் அதற்குத்தான் அழைப்பார், நான் எடுப்பேன். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"நானும் மாட்டுங்காலதான் நிக்கேன், மாப்ள. மெஸ்ஸுக்கு மாவு ஊத்தியாச்சு. ஸ்டேஷன்லயே நில்லுங்க, வாறேன். அது என்ன சாமான்னு ஒரு தடவ கண்ணால பாத்துட்டுக் குடுத்துருவோம்" என்றார்.

அவர் காலியான மாவுத் தூக்கோடு வந்ததும் நாங்கள் இருவரும் சுடுதளத்துக்குப் போனோம். அது ஒரு பழைய கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கிறது. பயிற்சியாளர் நுஸ்ரத் கோவண்டியில் வளர்ந்த தமிழர், பொன்செல்வியின் தோழி. அவர்தான் பெட்டியைத் திறந்தார். கறுப்புப் பெட்டி, உள்ளே பஞ்சுமெத்தை, அதில் துப்பாக்கி வடிவத்திலேயே வெட்டிய பள்ளம், பள்ளத்தில் துப்பாக்கி. நான் கையொப்பமிடப் பேனாவை எடுத்தேன். வந்த பொருள் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் சான்று கொடுக்கும் ஆளா நீங்கள் என்று நுஸ்ரத் கேட்டார். அது நியாயமான கேள்வி என்பதால் சோதித்தேன்.

முதல் பார்வையில் எனக்குப் பட்டவை: எடை, சிலிண்டரோடு சேர்த்து எண்ணூற்றைம்பது கிராம், எடை முன்பக்கம் இழுக்காமல் மணிக்கட்டுக்கு மேலேயே நிற்கிறது. விசை ஐந்நூறு கிராமில் விடுபடுகிறது, கண்ணாடியில் விரிசல் விழுவதுபோல் முன்னறிவிப்பே இல்லாமல். காற்றை வெளியேற்றும்போது பின்னுதைப்பு அநேகமாக இல்லை. வேலை சுத்தம். குறை என்று சொன்னால், கைப்பிடி என் கைக்குள் வரவில்லை. வலது கையில் பிடித்தால் உள்ளங்கை தாங்கி தவறான பக்கம் நிற்கிறது. இடது கையில் பிடித்தால் என் விரல்கள் அதிகப்படியாக இருக்கின்றன. இடது கையால் ஒரு முறை சுட்டேன். புள்ளி காட்டும் திரையில் எதுவும் வரவில்லை.

"இன்ஜினியர் சார், டார்கெட் நேரா இருக்கு. நீங்க ஏசிய சுட்டுட்டீங்க" என்றார் நுஸ்ரத். குளிர்சாதனத்துக்குச் சேதமில்லை, அதன் கீழே உள்ள மரப்பலகையில்தான் பட்டது.

அதன் பிறகு அத்தை, "இங்க கொண்டாங்க" என்று கையை நீட்டினார். இடது கையை நீட்டினார். அவரும் இடது கைக்காரர் என்பது எனக்குத் தெரியும். இத்தனை வருடம் அவர் தோசை வார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதுவரை அது நினைவுக்கு வரவில்லை. கைப்பிடி அவர் கையில் உட்கார்ந்தது. இடைவெளி எங்குமில்லை. என் தொழிலில் இப்படிப் பொருந்துவதை அபூர்வமாகத்தான் பார்ப்போம்.

நுஸ்ரத் அவரைக் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தி, பாதுகாப்பு விதிகளைச் சொல்லி, குண்டை அவரே போட்டுக் கொடுத்தார். அத்தை இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

"ஆன்ட்டி, ஒரு கண்ணாவது தொறங்க."

"எந்தக் கண்ணு?"

"எது நல்லாத் தெரியுதோ அது. மூச்ச நிறுத்தி, மெதுவா."

"மூச்ச நிறுத்துனா எப்படிப் பேசுவேன்?"

"அதுக்குத்தான் நிறுத்தச் சொல்றேன், ஆன்ட்டி."

முதல் குண்டு ஏழில் விழுந்தது. இரண்டாவது ஒன்பது. அடுத்தது பத்து. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அத்தை அவர்கள் பக்கம் திரும்பி வணக்கம் சொல்லப் போக, நுஸ்ரத் அவர் தோளைப் பிடித்து முன்பக்கம் திருப்பினார். அதன் பிறகு சுட்டது பக்கத்துத் தடத்தில் இருந்த வங்கி அதிகாரியின் இலக்கில் போய் விழுந்தது, அதுவும் பத்தில். அவர் சுடாமலே அவர் திரையில் பத்து காட்டியது.

"இருக்கட்டும். அவரும் காலையிலேருந்து நிக்காரு பாவம்" என்றார் அத்தை.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நுஸ்ரத் சொல்கிறார். அவர் சொன்னால் சரியாக இருக்கும். எனக்கு நினைவில்லை.

அதன் பிறகு அத்தை துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "திருப்பிக் குடுத்துராதீங்க, மாப்ள. அவ கைக்குச் செஞ்சது, எங் கைக்குச் சேருது. வாரம் ஒருக்கா வந்து சுட்டுட்டுப் போறேன். மாவு அரைக்கிறவளுக்கும் ஒரு பொழுதுபோக்கு வேணும்லா" என்றார். நிகில் மாலை வரை நேரம் கொடுத்திருக்கிறார், வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பொன்செல்வி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரமாவது வைக்க வேண்டும் என்று அத்தையும் என்னோடு செம்பூருக்குக் கிளம்பினார். நான் சிலிண்டரைக் கழற்றி என் பையில் வைத்தேன். குண்டு எதுவும் இல்லை என்று காட்டும் ஆரஞ்சு நிற நூலைக் குழலில் செருகினேன்.

இனி வருவதைத்தான் சப்-இன்ஸ்பெக்டர் விளக்கமாகக் கேட்டார். சுடுதளத்தின் படியிறங்கும்போது அத்தை நின்று, "இத இந்தக் கறுப்புப் பொட்டியில கொண்டுபோனா பாக்குறவன் என்ன நெனப்பான்? பெரிய தாதான்னுல்லா நெனப்பான். இங்க தாங்க. மாவுத் தூக்குக்குள்ள எவன் கைய விடப் போறான்?" என்றார். தூக்கை அங்கேயே குழாயடியில் கழுவி, துண்டால் துடைத்து, அதே துண்டில் துப்பாக்கியைச் சுற்றி உள்ளே வைத்து மூடினார். நான் தடுக்கவில்லை. பெட்டியைப் பூட்டிக் கையில் எடுத்துக்கொண்டேன். காலிப் பெட்டியை ஏன் கொண்டுவந்தீர்கள் என்று இங்கே கேட்டார்கள். அது எனக்கும் இப்போதுதான் தோன்றுகிறது.

குர்லாவில் செம்பூர் வண்டிக்கு மாறுவதற்காக மேம்பாலத்தில் நடந்தோம். பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த காவலர் என்னை நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். உள்ளே துப்பாக்கி வடிவத்தில் ஒரு பள்ளம் இருந்தது, துப்பாக்கி இல்லை. அவர் பள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதில் இருந்தது எங்கே என்று இந்தியில் கேட்டார். நான், "அத்தையிடம் இருக்கிறது" என்றேன். அதே நேரத்தில் அத்தை, "எங்கிட்ட மாவுதான் இருக்கு" என்றார்.

விசில் ஊதினார்கள். கூட்டம் கூடியது. தூக்கின் மூடியைத் திறக்கப் போகும்போது பின்னாலிருந்து ஒரு அம்மா, "மாவு எவ்வளவும்மா, அரைக் கிலோ இருக்குமா?" என்று தமிழில் கேட்டார். அத்தை, "நாளைக்கு வாங்க, இன்னைக்கு உள்ள இருக்குற ஆளு வேற" என்றார். அதன் பிறகு துண்டைப் பிரித்தார்கள். அதன் பிறகு இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்துவந்தார்கள். யாரும் எங்களை அடிக்கவோ திட்டவோ இல்லை. அத்தைக்குத் தேநீர் கொடுத்தார்கள். சர்க்கரை குறைவு என்று அவர் சொன்னதும் வேறு கொடுத்தார்கள். நுஸ்ரத் நேரில் வந்து, அது எந்த வகைத் துப்பாக்கி என்று சான்றுகளோடு விளக்கினார். சப்-இன்ஸ்பெக்டர் ஏற்றுக்கொண்டார்.

கடைசியாக அவர் கேட்டது, இந்தப் பொருள் யாருடையது, யாரிடம் ஒப்படைத்ததாக எழுத வேண்டும் என்று. நான் அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது மேசைமேல் இருந்த பொன்செல்வியின் கைபேசி அடித்தது. 'பிஸ்டல் நிகில்' என்று திரையில் வந்தது. அப்படித்தான் அவர் பதிந்துவைத்திருந்தார். நின்றது. மறுபடி அடித்தது.

"அண்ணா, ஒண்ணு எடுங்க, இல்ல கட் பண்ணுங்க. எழுத முடியல" என்றார் மகேஸ்வரி.

எடுத்தேன். புனேக்காரர் பணத்தோடு தயாராக இருக்கிறார், நாலைந்து குண்டு சுட்டிருந்தாலும் பரவாயில்லை, துடைத்துக் கொடுத்தால் போதும் என்று நிகில் சொன்னார். அத்தை என்னைப் பார்க்கவில்லை. தூக்கின் மூடியைச் சரியாக மூடுகிறதா என்று திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூடிக்குத் திருகு கிடையாது. கொடுப்பதாக இல்லை, வீட்டில் சுடுகிற ஆள் இருக்கிறார் என்று நிகிலிடம் சொன்னேன்.

ஆகவே பொருளை என் மாமியார் ஆறுமுகத்தாயிடம் ஒப்படைத்ததாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். சட்டப்படி வாரிசு நான் என்பதால் என் சம்மதத்தையும் இதிலேயே பதிகிறேன். பொருளின் நிலை: சேதமில்லை. கைப்பிடியின் அடியில் காய்ந்த மாவு கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. இனிமேல் பெட்டியில் வைத்தே கொண்டுபோவோம் என்று இருவரும் உறுதி சொல்கிறோம்.

இதை மகேஸ்வரி எங்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, சொல்லாதது எதுவும் சேரவில்லை, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதும் இல்லை. அத்தை ஒரு திருத்தம் சொன்னார்: மாவுத் தூக்கு அலுமினியம் என்று வேறொரு தாளில் எழுதியிருக்கிறார்கள், அது எவர்சில்வர். என் கைபேசி எண்ணை அத்தையின் கைபேசியில் மகேஸ்வரியே பதிந்துகொடுத்தார். சரியாக வருகிறதா என்று அத்தை எதிரே உட்கார்ந்தபடியே என்னை அழைத்துப் பார்த்தார். வந்தது.

ஒப்பம்: காளிராஜ்

தொடர்பு எண்: என்னுடையது மட்டும். முதல் வரியில் சொன்ன கைபேசியை அணைத்துவிட்டேன்.